நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

போன தீபாவளிக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சந்தைக் கடை போட, ஈசூனில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் கமலாவுடன் கூட்டுச் சேர்ந்து எட்டாயிரம் வெள்ளி முதல் போட்டேன். மழை விடவே இல்லை. பாதிச் சரக்கு அப்படியே தேங்கிவிட்டது.

"நீங்க போட்ட காசை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தந்துடுறேன்க்கா" என்றாள் கமலா. எனக்குப் பொறுமையில்லை. என் கொழுந்தனார்தான் வழி சொன்னார்: "சிவில் கேஸ்னா இழுக்கும் லா, அண்ணி. ஏமாத்திட்டாங்கன்னு போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. பயந்து தானா குடுப்பாங்க."

போட்டேன். அதிகாரி என் வாக்குமூலத்தைத் தட்டெழுதி முழுவதும் வாசித்துக் காட்டினார். நல்ல லாபம் வரும் என்று கமலா சொன்னது அதில் இருந்தது. "மழை பெஞ்சா போட்ட காசே வராதுக்கா, யோசிச்சுக்குங்க" என்று அவள் எச்சரித்தது இல்லை. நான் அதைச் சொல்லவே இல்லை.

"ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்காகக் கமலாவின் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போக முடியாமல், திருச்சியில் நடந்த தம்பி கல்யாணத்தை அவள் கைப்பேசியில்தான் பார்த்தாள். அந்த நாதஸ்வரம் சுவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

கடைசியில், இதில் குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் விசாரணையை முடித்துக்கொண்டது. கமலா கடன் வாங்கி முழுப் பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அந்த மழை விஷயம் உங்களுக்கு மறந்துபோயிருக்கும்னுதான் போலீஸ்ல சொன்னேன்க்கா."

எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.