ஜெபசீலி டாக்டரின் பொறாமை

கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜெபராஜுக்கு ஒரே மகள் ஜெபசீலி. சென்னையில் டாக்டருக்குப் படித்து, அறுவை சிகிச்சைப் பாடத்தில் தங்கப் பதக்கமும் வாங்கிக்கொண்டு 1954இல் ஊர் திரும்பினாள். ஊருக்கு வெளியே, பெங்களூர் சாலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஹவுஸ் சர்ஜன்களை வைத்துப் பயிற்சி தர அந்த வருஷம்தான் அனுமதி கிடைத்திருந்தது. முதலில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜெபசீலி. இன்னொருவன் ஓசூர் பக்கத்து விவசாயி மகன் கிருஷ்ணப்பன்.

கிருஷ்ணப்பன் பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுபடி எழுதித் தேறியவன். அதை அவனே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்வான். அந்தச் சிரிப்பே ஜெபசீலிக்குப் பிடிக்கவில்லை. தான் கண் விழித்துப் படித்த படிப்புக்கும் அவன் படிப்புக்கும் ஒரே வெள்ளைக் கோட்டுதானா என்று தோன்றியது.

வார்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள். கிருஷ்ணப்பனுக்கு மூன்று பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாடு கன்று போட்டதா, கேழ்வரகு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வயிற்றைத் தொடுவான். ஜெபசீலி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் கிழவர்கள் அவனிடம் குடும்பக் கதையே சொன்னார்கள். தலைமை டாக்டர் இன்னாசிமுத்துவும் ரவுண்ட்ஸ் வரும்போது, “கிருஷ்ணப்பன், இவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுப்பா” என்று அவனையே கூப்பிட்டார். அப்படியே பக்கத்தில் நின்றவன் ஆபரேஷன் தியேட்டரிலும் அவருக்குப் பக்கத்தில் நின்றான். ஜெபசீலி எதிர்ப்பக்கம் நின்று, அவன் முடிச்சுப் போடும் விதத்தில் உள்ள குறைகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வருஷம் முடிந்ததும் இருவரில் ஒருவரை மட்டும் ரெசிடென்டாக வைத்துக்கொண்டு, அறுவை சிகிச்சையில் மேற்கொண்டு பழக்கப்போவதாக இன்னாசிமுத்து சொல்லியிருந்தார். அது தெரிந்த நாளிலிருந்து ஜெபசீலிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்த தளிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஒரு காலையில் வண்டியில் ஒரு பெண்ணைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தது. பெயர் கெம்பம்மா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சந்தையில் வயிற்று வலி வந்து மயங்கி விழுந்துவிட்டாள். இன்னாசிமுத்து சிங்காரப்பேட்டைக்கு நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். கிருஷ்ணப்பன்தான் பார்த்தான். மாமியாரும் மாமனாரும் சுற்றி நிற்க, “எல்லி நோவு?” என்று எங்கே வலி என்பதைக் கன்னடத்தில் கேட்டான். அவள் வலப்பக்க அடிவயிற்றைக் காட்டினாள். தீட்டு நின்றிருக்கிறதா என்று கேட்டதற்கு மாமியாரே முந்திக்கொண்டு இல்லை என்றாள். குடல்வால் வீக்கமாக இருக்கலாம், பெரிய டாக்டர் வந்ததும் முடிவு செய்யலாம் என்று பெண்கள் வார்டில் சேர்த்துவிட்டு, அவன் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டான்.

ஜெபசீலி வேறொருத்தியைப் பார்க்கப் போனவள், அந்தக் கட்டிலைத் தாண்டும்போது நின்றாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தாள், அங்கும் ரத்தமில்லை. நாடி நூல் மாதிரி ஓடியது. அரைகுறைக் கன்னடத்தில் கேட்டதற்கு, கெம்பம்மா தோளையும் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்றாள். மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். ஜெபசீலி குனிந்து, “எத்தினி மாசமா நின்னிருக்குது?” என்றாள். கெம்பம்மா இரண்டு விரலைக் காட்டினாள்.

கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஜெபசீலிக்குச் சந்தேகமே இல்லை.

நாலு எட்டு வைத்தால் கிருஷ்ணப்பன் இருக்கும் அறை. அவள் போகவில்லை. பெரிய டாக்டர் திரும்பும் நேரம்தான். அவன் அவர் முன்னால் குடல்வால் என்று சொல்லட்டும், அப்புறம் நான் சொல்கிறேன் என்று நினைத்தாள். உடம்பெல்லாம் சூடேறியது. அது சந்தோஷம்போலவே இருந்தது. நர்ஸ் அன்னமேரியிடம் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, வராந்தாவுக்குப் போய் சாலையில் ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீப் வந்து நின்றதும், அன்னமேரி உள்ளேயிருந்து ஓடிவந்ததும் ஒன்றாக நடந்தது. “டாக்டரம்மா, அந்தப் பொண்ணுக்கு நாடி கெடைக்கலீங்க!”

அதற்குப் பிறகு யார் முன்னால் யார் என்ன சொல்வது என்பதற்கெல்லாம் இடமில்லை. ஜெபசீலி ஓடிக்கொண்டே சொன்னாள். இன்னாசிமுத்து கட்டிலருகே ஒரு நொடி நின்றார். “தியேட்டருக்குத் தூக்குங்க. ரத்தம் வேணும், யாரு குடுப்பீங்க?” வந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஜெபசீலி முதல் ஆளாகக் கையை நீட்டினாள். சோதித்துப் பார்த்தார்கள், சேரவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த கிருஷ்ணப்பனுடையது சேர்ந்தது.

ஆகவே அவன் பெஞ்சில் படுத்துக் கையைக் கொடுத்தான். ஜெபசீலி தியேட்டரில் இன்னாசிமுத்துவுக்குப் பக்கத்தில், கிருஷ்ணப்பன் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி வழிந்தது. அதற்குள் கையை விட்டு வெடித்த இடத்தைத் தேடிப் பிடித்தது அவள் விரல்கள்தான். “விட்டுடாத, அப்பிடியே புடி” என்றார் அவர். அவள் விடவில்லை. கெம்பம்மா பிழைத்தாள்.

வெளியே ஜெபசீலி கை கழுவிக்கொண்டு வந்தபோது, கிருஷ்ணப்பன் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெம்பம்மாவின் மாமனார் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். “நானில்லீங்க, நோவக் கண்டுபிடிச்சது அந்தம்மாதான்” என்று அவன் கன்னடத்திலும் தமிழிலும் சொன்னான். அவர் ஜெபசீலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அவன் காலையே தொட்டார். அடுத்த சந்தைக்குள் சுற்றுவட்டாரமெல்லாம் பேச்சு பரவியது: தன் ரத்தத்தைக் கொடுத்து உயிரை மீட்ட டாக்டர்.

சாயங்காலம் சாப்பாட்டு அறையில் கிருஷ்ணப்பன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். வழக்கமான சிரிப்பு இல்லை.

“நீங்க அந்தப் பொண்ண முன்னாடியே பாத்துட்டீங்கன்னு அன்னமேரி சிஸ்டர் சொல்றாங்க.”

“ஆமா.”

“அப்பவே தெரிஞ்சுதா?”

அவளுக்குப் பொய் வரவில்லை. “தெரிஞ்சுது.”

அவன் தட்டை ஒதுக்கி வைத்தான். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம் டாக்டர். தப்புன்னு சொன்னா நான் கேட்டுக்கினு இருப்பேன்” என்றான். பிறகு எழுந்து போய்விட்டான்.

அவன் இன்னாசிமுத்துவிடம் சொல்லப்போகிறான் என்று ஜெபசீலி ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இப்போது அவன் நல்லவனாக இருப்பதும் சேர்ந்து அவள் நெஞ்சில் உறுத்தியது.

வருஷக் கடைசியில் இன்னாசிமுத்து அவளைக் கூப்பிட்டார். “ஜெபசீலி, நீதான் ரெசிடென்ட். கிருஷ்ணப்பன் ஓசூருக்கே போறேங்கறான். அந்தப் பக்கம் டாக்டர் இல்லாம ஜனங்க கஷ்டப்படுது, உன் கைதான் ஆபரேஷனுக்கு ஏத்த கைன்னு அவனே வந்து சொன்னான்.”

ஜெபசீலி நன்றி சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “அவர் இருக்கறேன்னு சொல்லியிருந்தா யார எடுத்திருப்பீங்க, சார்?”

இன்னாசிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத நான் யோசிக்க வேண்டிய அவசியம் வரலியேம்மா” என்றார்.

அந்தப் பதிலோடுதான் அவள் ரெசிடென்ட் ஆனாள். இரண்டு பேருடைய வேலையை ஒருத்தியாகச் செய்தாள். கன்னடம் கற்றுக்கொண்டாள், தெலுங்கும் ஓரளவு வந்தது. மாமியார்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பெண்களைக் கேள்வி கேட்பது என்பதை வார்டில் சட்டமாகவே ஆக்கினாள். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன்கள் யாராவது தப்பாகக் கணித்தால், ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காமல் நேராகப் போய்ச் சொல்லிவிடுவாள். கடுகடுப்பு என்று பெயர் வந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஓசூரில் கிருஷ்ணப்பன் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்தான். கத்தி வைக்க வேண்டிய நோயாளிகளைத் தான் தொடாமல் பஸ் ஏற்றி ஜெபசீலியிடமே அனுப்பினான். குணமாகிப் போகும்போது அவர்கள், “கிருஷ்ணப்ப டாக்டரு புண்ணியம்” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

1959இல் ஒருநாள், கிருஷ்ணப்பன் அனுப்பித் தைராய்டு கட்டியோடு வந்த சரசம்மா என்பவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன்பு, “பயமா இருக்குதாம்மா?” என்று ஜெபசீலி கேட்டாள்.

“எனக்கென்னாங்க பயம்? டாக்டரம்மா கையில படுத்தா கண்ண மூடிக்கினு படுன்னு கிருஷ்ணப்ப டாக்டரு சொல்லிட்டாரு. இந்த ஜில்லாவுல அப்பிடி ஒரு கை கெடையாதாம்.”

ஜெபசீலிக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அடுத்த நொடியே, இன்னொருத்தரைப் பற்றி இப்படி வலிக்காமல் சொல்ல இந்த மனுஷனால் எப்படி முடிகிறது என்று பழைய எரிச்சல் எழுந்தது. தன்னால் அவனைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடிந்ததில்லை.

கையைக் கழுவிக்கொண்டு அவள் தியேட்டருக்குள் போனாள்.