ஜாம் போத்தலில் கடல் நத்தை

கொழும்புத்துறைக் கரையில் முழங்காலளவு நீரில் நின்றபோது, பாசியில் ஒட்டியிருந்த ஓர் இலையைக் கணவர் காட்டினார். இலை நகர்ந்தது. குனிந்து பார்த்தால், ஓடில்லாத கடல் நத்தை. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். தலையில் முயற்காது போல இரண்டு கொம்புகள். உடம்பின் இரு ஓரங்களும் மடித்த வெற்றிலை போல முதுகில் சேர்ந்திருந்தன.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். இது பாசியின் சாற்றை உறிஞ்சி வாழ்வது, இதன் பச்சை அந்தப் பாசியின் பச்சை என்பதெல்லாம் தெரியும். பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் கிளினிக்கில் மகளின் நிறை ஏறியிருக்கவில்லை. கீரைக்கறியைக் கண்டாலே வாயைப் பொத்துகிற பிள்ளை. நத்தையைப் பாசியோடு ஜாம் போத்தலில் போட்டு, நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"பாரம்மா, இது கீரை மட்டுந்தான் தின்னும். அதுதான் இவ்வளவு வடிவு."

"அப்ப இது சைவமோ?"

"ஓம்."

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டுந்தான் சைவம், உவர் எங்களைவிடப் பெரிய பக்தர்" என்றார் கணவர்.

மகள் அன்றிலிருந்து கீரை கேட்டு வாங்கித் தின்றாள். போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. இடையிடையே உள்ளங்கையை விரித்து, பச்சை வருகிறதா என்று பார்ப்பாள். படித்த படிப்பு உதவியது என்று எனக்குப் பெருமை.

கொண்டுவந்த பாசி முடிந்ததும், கரையில் ஒதுங்கிக் கிடந்த வேறு பாசியை அள்ளிவந்து போட்டேன். நத்தை அதைத் தொடவில்லை. நாளுக்கு நாள் வெளிறியது. பிறகுதான் தேடி வாசித்தேன். வெப்பக் கடல்கள் பலவற்றிலும் இந்த வகை நத்தைகள் உண்டு. ஆனால் தனக்குரிய பாசி வளரும் இடத்தில்தான் காணப்படும். கண்ட பாசியையும் உண்ணாது. முதலே வாசித்திருக்க வேண்டும்.

மகளும் அது வெளிறுவதைப் பார்த்தாள். வயிறு நிறைந்த பிறகும் கீரை கேட்டாள். ஒருநாள் எல்லாவற்றையும் சத்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிடும்போது கேட்டாள்:

"கீரை தின்னாட்டி நானும் வெளிறிப் போவனோ அம்மா?"

இத்தனை நாளும் அவள் பயத்தில் தின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

அவளையும் போத்தலையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பக் கொழும்புத்துறைக்குப் போனேன். கரையில் இறங்கியதும் உண்மையைச் சொன்னேன். நீ வெளிறமாட்டாய், இதன் சாப்பாடு எதென்று தெரியாமல் அம்மாதான் பிழையானதைப் போட்டுவிட்டேன் என்றேன்.

"தெரியாட்டி ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"உன்னைக் கீரை தின்ன வைக்கத்தான்."

முன்பு கண்ட அதே பாசியைத் தேடிப் பிடித்து, போத்தலை மெல்லச் சரித்தேன். நத்தை பாசியில் ஒட்டியது, அசையவில்லை.

"திரும்பப் பச்சையா வருமோ?"

வரும் என்று சொல்ல வாய் உன்னியது. "தெரியாது" என்றேன்.

வீட்டில் அவள் கீரையைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கிளினிக் நாள் நினைவுக்கு வந்தது. தின் என்று சொல்லாமல் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.