ஜெகதீஸ்வரி படத்துக்கு மாலை

பினாங்கு பசார் தெருவைத் தமிழர்கள் இன்றைக்கும் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் கப்பலில் வந்த மிளகாயும் மல்லியும் துணி மூட்டையும் துறைமுகத்திலிருந்து இந்தத் தெருவுக்குத்தான் வரும். மூட்டை சுமந்தவர்களில் ஜெகதீஸ்வரியின் அப்பாவும் ஒருவர். அவர் சுமந்து போட்ட மசாலா கடைக்கே மகள் மருமகளாகப் போனாள். புருஷன் சின்னையா கண்ணை மூடியதும் கல்லாவில் அவளே உட்கார்ந்தாள். சரக்கு காரம், பேச்சு அதைவிடக் காரம். "அள்ளி அள்ளி மோந்து பார்த்துட்டு வாங்காமப் போறியே, மூக்குக்காவது காசு வை லா!" என்பாள். அப்படித் திட்டு வாங்கினவர்கள்தான் மறுவாரமும் வந்து நின்றார்கள்.

பிறகு தெருவுக்கு யோகம் அடித்தது. பாரம்பரிய நகரம் என்று ஊர் உலகமெல்லாம் கொண்டாடியது. கேமராவோடு கூட்டம் வந்தது, கூடவே வாடகையும் ஏறியது. பழைய கடைகளைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், அந்தக் கடைகளுக்கே அங்கே இடமில்லை. என்ன கூத்து பாருங்கள்!

அறுபத்தெட்டு வயதில் ஜெகதீஸ்வரி நகரத்தை விட்டுத் தள்ளி ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டுக்குக் கீழே சின்னதாகக் கடை பிடித்தாள். கிளம்புமுன் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் புது இடத்தைச் சொன்னாள். "உங்க தூள் இல்லாம நான் எப்படிக்கா சமைக்கிறது? கண்டிப்பா வர்றேன்" என்றார் கல்யாணச் சமையல்காரர் மோகனராஜ்.

ஒருத்தரும் வரவில்லை. மாதங்கள் போயின, மல்லியில் வண்டு விழுந்தது. 'இத்தனை வருஷப் பழக்கம் ஒரு பஸ் தூரத்துல அத்துப் போச்சா?' என்று குமைந்தாள். கடையை இழுத்து மூடுவதற்கு முன் அவர்களை நேரில் பார்த்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் காலையில் பஸ் ஏறினாள்.

பழைய கடை இப்போது காப்பிக்கடை. உள்ளே காலை வைத்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. சுவரில் அவள் படம். யாரோ எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது, உயரத்தில் மாட்டியிருந்ததால் கழற்றாமல் விட்டுப் போனது. அந்தப் படத்துக்கு மல்லிகை மாலை! வாடாத, அன்றைக்குக் கட்டின மாலை!

"அடிப்பாவிகளா, உயிரோட இருக்கிறவளைக் கொன்னுட்டீங்களே!"

அலறல் கேட்டு ஓடி வந்தாள் கடைக்காரி சுவீ கிம். சீனப் பெண். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "ஆண்டி! நீங்களா!" என்று மலாயில் கொஞ்சினாள். உங்கள் விழாக்களில் பெரியவர்களுக்கு மாலை போடுவதைப் பார்த்திருக்கிறேன், உங்கள் கடையில் நான் பிழைக்கிறேன், அந்த மரியாதைக்குத்தான் தினமும் பூ வாங்குகிறேன் என்றாள். படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று ஜெகதீஸ்வரி சொல்ல, அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போனது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மோகனராஜ், கையிலிருந்த பையைப் பொத்தென்று கீழே போட்டார்.

"அக்கா... நீங்க..."

"பேய் இல்ல, நான்தான்."

"கடையை விட்ட ஏக்கத்துலயே போயிட்டீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்கக்கா. மாலையை நானே பார்த்தேன். அதான் யாரும் ஆயர் ஈத்தாம் பக்கம் வரல."

அப்பாடா, மறக்கவில்லை! ஜெகதீஸ்வரிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. மாலையைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

"ஏன் தம்பி, உங்கம்மா போனப்ப கடையை அடைச்சுட்டு கடல் தாண்டி நிபோங் திபால் வரைக்கும் வந்தேனே, தூக்குற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தேனே" என்றாள் மெதுவாக. "நான் செத்துட்டேன்னு கேள்விப்பட்டு என் வீட்டுக்கு யாருடா வந்தீங்க?"

மோகனராஜ் பையை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நாற்காலி மேல் ஏறி மாலையைக் கழற்றிக்கொண்டிருந்த சுவீ கிம் மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.