நாற்பது புள்ளிகளோடு மணமேல்குடிக்கு

போன சனிக்கிழமை நான் மணமேல்குடிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. நானும் தோழி மோகனாவும் சேர்ந்து எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை நிற்குமா விழுமா என்று தெரியாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன். திங்கட்கிழமை அதை அனுப்பியாக வேண்டும்.

விஷயம் இதுதான். எங்களிடம் இரண்டு வடிவியல்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது புள்ளி, நாற்பது கோடு. எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இரண்டும் வெவ்வேறு என்று கையால் நிரூபித்திருந்தோம். ஒரு கட்டற்ற கணித மென்பொருளில் சரிபார்த்தால், இரண்டும் ஒன்றே என்கிறது! நிரூபணத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை. மென்பொருளை நம்புவதா, எங்களை நம்புவதா? போனில் அழாத குறையாகச் சொன்னதும், "நேர்ல வாடி" என்றாள்.

திருச்சியில் காலை ஆறரைக்கு ஏறி, எட்டு மணிக்குப் புதுக்கோட்டை. குழப்பம் அங்கேயும் விடவில்லை. மணமேல்குடி வண்டி எது என்று கேட்டால் ஒரு கண்டக்டர், "அங்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். அங்கே போனால் இன்னொருவர், "இது அறந்தாங்கியோட சரிங்க. ஏறிக்கங்க, அங்க மாறிக்கலாம்" என்றார். மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். அறந்தாங்கியில் இட்லி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. பதினொரு மணிக்குள் மணமேல்குடி வந்துவிட்டது.

மோகனா என் நிரலைப் பார்த்தாள். "எதை வச்சுடி ஒப்பிட்ட?"

"வலையா மாத்தித்தான். புள்ளியும் ஒரு முனை, கோடும் ஒரு முனை. புள்ளி கோட்டுல இருந்தா நடுவுல ஒரு இணைப்பு."

"எது புள்ளி, எது கோடுன்னு அதுக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. மென்பொருள் பாவம், ஒன்றின் புள்ளிகளை மற்றதன் கோடுகளாக எடுத்துக்கொண்டு பொருத்தியிருக்கிறது. அப்படித் திருப்பிப் போட்டால் இரண்டும் பொருந்தும் என்று எங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறோம். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

புள்ளிகளுக்கு ஒரு நிறம், கோடுகளுக்கு வேறு நிறம் கொடுத்து மறுபடி ஓட்டினோம். இரண்டும் ஒன்றா என்ற கேள்விக்கு, பொய் என்று பதில் வந்தது. கட்டுரை பிழைத்தது. இரண்டு பேரும் கத்தியே விட்டோம்.

இந்த வழியில் போகிறவர்கள் நேரடிப் பேருந்துக்குக் காத்திருக்காதீர்கள், அறந்தாங்கியில் மாறிவிடுங்கள். இப்படி வடிவியல்களை ஒப்பிடுகிறவர்கள், புள்ளி எது கோடு எது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கத்திய சத்தம் கேட்டு மோகனாவின் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னத்தா, கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு?"

"பொய்னு சொல்லிருச்சும்மா."

"விடுத்தா, மிஷினுக்கு என்ன தெரியும்? மீன் கொழம்பு ஆறுது, வா."