வெறும் சட்டம்

சண்டை ஓய்ஞ்சிருந்த காலம். ஊர்காவற்றுறையில, காணாமல் போன ஆக்களின்ர விபரம் பதியிற மென்பொருளை நான்தான் எழுதினனான். படிவத்துக்குள்ள படம், அட்டவணை பொருத்திற பாகங்களை உருவாக்க ஒரு பொதுவான ஃபாக்டரி கிளாஸ், அதாவது கேக்கிற பாகத்தைச் செய்து குடுக்கிற நிரல் துண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் அதுக்குக் கீழ தனிக் கிளாஸ் எழுதவேணும். எழுதாத பாகத்தைக் கேட்டால் சத்தமில்லாமல், நாலு கோடு மட்டும் உள்ள வெறும் சட்டத்தைக் குடுக்கும். ஆக்களுக்கு முன்னால பிழைச்செய்தி வந்தால் எனக்கு வெட்கம், அதால அப்படிச் செய்தனான். படத்துக்கான கிளாஸை எழுத மறந்துபோனன்.

மண்டைதீவு அக்கா ஒராள், கடலுக்குப் போய்த் திரும்பாத புருசன்ர ஒரேயொரு படத்தைக் கொண்டுவந்தா. ஸ்கான் பண்ணிப் பதிவில ஏத்தினன்.

"தம்பி, இவரை உள்ளுக்க வைச்சிட்டீரோ?"

"ஓம் அக்கா" எண்டு திரையைப் பாக்காமலே சொல்லி, படத்தைத் திருப்பிக் குடுத்தனான்.

அடுத்த மாரி வெள்ளத்தில அவவின்ர வீட்டில இருந்த அந்தப் படம் அழிஞ்சுபோச்சு. "உம்மட்ட இருக்கிறதை எடுத்துத் தாரும்" எண்டு வந்து நிண்டா. அவற்ர பதிவைத் திறந்தன். வெறும் சட்டம். தூசியாக்கும் எண்டு அவ சீலைத் தலைப்பால திரையைத் துடைச்சா. திரும்பவும் துடைச்சா.

அப்பவும் என்ர மென்பொருள் ஒரு பிழையும் காட்டேல்லை.