கேட்டுக்கு வெளியே நின்றவர்

செய்தி போனில் வந்தது. கேரேஜ் வைத்திருக்கும் பாஷா பேசினார். "யக்கா, நம்ம சர்வேயர் சார் போயிட்டாரு. காலைல நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்." நான் அப்போது ஜெராக்ஸ் மிஷினில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் கேட் வரை போய், தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மதியத்துக்குள் நாலு தடவையாவது அப்படிப் போய்வந்திருப்பேன். இதை எழுதும்போதும் இரண்டு முறை எழுந்தாயிற்று.

ஞானப்பிரகாசம் சாரை உங்களில் பலருக்குத் தெரியும். கார் எங்காவது இடிபட்டால், சேதத்தைப் பார்த்து எழுத இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற சர்வேயர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு துண்டு சாக்பீஸ். உங்கள் வண்டிக்கடியில் அவர் படுத்துப் பார்த்திருப்பார், நீங்கள் அவரைத் திட்டியும் இருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லிங்கராஜபுரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் கடை போட்டேன். 'டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்டேஷனரி' என்று போர்டு. அவர் கையால் எழுதிய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவருவார், நான் டைப் அடித்துக் கொடுப்பேன். முதல் ரிப்போர்ட்டிலேயே கோட்டை விட்டேன். 'வண்டி நின்றுகொண்டிருந்தது' என்பதற்கு அவர்கள் எழுதும் இங்கிலீஷ் வார்த்தையும் ஸ்டேஷனரிதான். இங்கிலீஷில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. நான் என் போர்டில் இருந்த எழுத்தையே போட்டுவிட்டேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நின்னுட்டிருந்த வண்டிய பேப்பர் கடையாக்கிட்டீங்களே சிஸ்டர்!" திருத்திக் கொடுத்தேன். அப்புறமும் பல தடவை அதே தப்பைச் செய்தேன். அவரும் சலிக்காமல் சிரித்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேட் திறந்தே கிடந்தாலும் உள்ளே வர மாட்டார். தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிவிட்டு வெளியே நிற்பார். நான் "வாங்க சார்" என்று சொன்ன பிறகுதான் காலெடுத்து வைப்பார். கடைக்கு வர எதற்கு இந்த மரியாதை என்று ஒரு நாள் கேட்டேன். "ஏஜென்ட் போனா காப்பி குடுப்பாங்க, நான் போனா நாய அவுத்து வுடுவாங்க. நான் யாருக்கும் வேண்டாத விருந்தாளி சிஸ்டர். கூப்புடாம ஒரு வீட்டுக்குள்ள போற உரிமை எனக்கில்ல" என்றார். ஆஸ்டின் டவுனில் ஒரு நாய் பிடுங்கிய பேண்ட்டை, அதே இடத்தில் ஒட்டுப்போட்டு ரொம்ப நாள் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கோ கூப்பிடாமலே வருகிறவர்கள்தான் அதிகம். தெரு எங்கள் கேட்டோடு முடிகிறது. அடுத்த தெருக் கல்யாண மண்டபத்துக்கு வழி தப்பி வருகிற ஒவ்வொரு காரும் எங்கள் காம்பவுண்டுக்குள் புகுந்துதான் திரும்பும். 'இங்கே வண்டி திருப்பாதீர்' என்று மூன்று மொழியில் எழுதி வைத்தோம். அதைப் படித்துக்கொண்டே திருப்பினார்கள். கேட்டால், "ஒந்தே நிமிஷ மேடம்!" ஒரே நிமிஷம்தானாம். துளசிச் செடி போயிற்று, தொட்டி போயிற்று, என் கணவர் செல்வத்தின் பொறுமையும் போயிற்று.

ஒரு முகூர்த்த நாள் காலை. உள்ளே புகுந்த ஒருவன் செல்வத்தைப் பார்த்து ஏதோ எகத்தாளமாகச் சொல்லியிருக்கிறான். இவர் பாய்ந்துபோய் எங்கள் காரை எடுத்து, அவன் வெளியே போக முடியாதபடி கேட்டை மறிக்கப் போனார். அவன் பின்பக்கமாக வந்த வேகத்தில் எங்கள் கதவையும் முன்விளக்கையும் நொறுக்கிவிட்டு, கிடைத்த இடுக்கில் நழுவிப் போய்விட்டான். நம்பர் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், செல்வத்தின் லைசென்ஸ் காலாவதியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஓடிய வண்டி என்றால் ஓட்டியவர் லைசென்ஸைக் கேட்பார்கள், நின்ற வண்டி என்றால் கேட்க மாட்டார்கள். இத்தனை ரிப்போர்ட் அடித்தவளுக்கு இது தெரியாதா? காரைத் தள்ளி ஷெட்டில் நிறுத்தி, நின்ற வண்டியில் எவனோ இடித்துவிட்டுப் போனதாகக் கிளெய்ம் போட்டோம். மாமியாரை வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அந்தக் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

கம்பெனி அவரையே அனுப்பியது. எனக்கு உயிர் வந்தது. அவர் தாழ்ப்பாளை ஆட்டினார், கூப்பிட்டேன், வந்தார். ஷெட்டைப் பார்த்தார். பிறகு கேட் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து எதையோ பொறுக்கினார். "கண்ணாடித் தூள் இங்க கெடக்குது, வண்டி அங்க நிக்குது. வண்டி நின்னுச்சுன்னா, கண்ணாடி நடந்துச்சா சிஸ்டர்?" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

நான் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை சார், நின்னுட்டிருந்துச்சுன்னு எழுதுங்க. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வார்த்தைய உங்களுக்கு அடிக்க வராது, எனக்கு எழுத வராது. வுட்டுடுங்க. தெரிஞ்சவங்க வண்டின்னு சொல்லி நான் ஒதுங்கிக்கறேன். வேற ஆள் வரட்டும்." வேறு ஆள் வந்தார். அவருக்கும் கண் இருந்தது. கிளெய்ம் தள்ளுபடியாயிற்று. மாமியாரை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற ஒவ்வொரு தடவையும் அவள் முனகினாள். அப்போதெல்லாம் நான் மனசுக்குள் திட்டியது கேட்டை மறித்த புருஷனை அல்ல, இடித்துவிட்டு ஓடியவனையும் அல்ல. ஞானப்பிரகாசம் சாரைத்தான்.

அடுத்த மாதம் ஒரு நாள் மாலை, நல்ல மழை. தாழ்ப்பாள் மூன்று தடவை ஆடியது. ஜன்னல் வழியே பார்த்தேன். ரிப்போர்ட் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையில்லாமல் நின்றார். கேட் திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்தார், நான் நிற்பதைப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. பத்து நிமிஷம் நின்றிருப்பார். மழைக்கு ஒதுங்கக்கூட ஓர் எட்டு உள்ளே வைக்கவில்லை. பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார்.

அதன்பின் அவர் வரவில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்று பாஷா சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு டப்பா குல்குல் பலகாரம் மட்டும் பாஷா கையில் வரும். தின்போம், டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். அதில் ஒரு சீட்டு எழுதிப் போட எனக்கு ஏன் கை வரவில்லை? ஒரு வரி போதும். எத்தனை வருஷம்!

அடக்கத்தன்று ரிச்சர்ட்ஸ் டவுன் போனேன். கேட் அகலத் திறந்திருந்தது, சனம் போய்வந்துகொண்டிருந்தது. நானோ பைத்தியக்காரி மாதிரி தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிவிட்டு நின்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, ஸ்டெல்லா அக்கா, நிமிர்ந்து பார்த்து எழுந்து வந்தார்.

"டைப்பிங் சிஸ்டர்தானே? உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்தார். "உன் கடைக்கு வந்துட்டு ஒரு நாள் தொப்பலா நனைஞ்சு வந்தாரு. நாலு நாள் ஜுரம். அதான் எனக்கு மறக்கல. உள்ள ஒதுங்க வேண்டியதுதானேன்னு திட்டுனேன். கடையில யாருமே இல்ல ஸ்டெல்லா, சிஸ்டர் வெளிய போயிருந்தாங்கன்னாரு. அப்ப ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ் வந்தா போதும், மொதல்ல சிஸ்டருக்கு எடுத்து வைன்னுவாரு."

ஆமாம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஊரார் எல்லாம் சேர்ந்து கெஞ்சினாலும் நிற்காத வண்டியை நின்றது என்று எழுதாத மனிதர், உள்ளே இருந்தவளை இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நேர்மையை நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஸ்டெல்லா அக்கா, அன்று நான் கடையில்தான் இருந்தேன்.