சின்னாத்தாள் அக்காவின் முறை

எங்கள் மில் வேன் மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டரைக்கு மதுக்கரைக்குத் திரும்பும். ஏறியதும் பதினோரு பெண்களும் தூங்கிவிடுவோம். ஒருத்தர் மட்டும் தூங்கக் கூடாது. டிரைவரும் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்தான் என்பதால், அவர் கண் அசராமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். நாளுக்கு ஒருத்தர் முறை.

சின்னாத்தாள் அக்காவின் முறை என்றால் நாங்களும் தூங்க முடியாது. டிரைவர் அரங்கசாமி அண்ணனின் மாமியாரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் வேன் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். அக்கா மில்லில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்பார்.

போன ஆடியில் ஒரு காலை, நின்றிருந்த லாரியில் வேன் மோதியது. அரங்கசாமி அண்ணனும் முன்சீட்டில் இருந்த கயல்விழியும் இறந்துபோனார்கள். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பிறகு அவர் வேனில் ஏறவே இல்லை. அழவும் இல்லை. ஷிஃப்ட் நேரத்துக்கு மில்லுக்கு பஸ் கிடையாது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

உக்கடத்திலிருந்து யுஸ்ரா டீச்சர் எங்களுக்கு யோகா சொல்லித்தர சமுதாயக் கூடத்துக்கு வந்தார். இப்படி அடிபட்ட மனசுகளுக்கான வகுப்பு என்றார். மூச்சு விடுவதற்கும் ஒரு டீச்சரா என்று யாரோ கேட்டதற்கு அவர்தான் முதலில் சிரித்தார். கதவைச் சாத்த மாட்டார். கேட்காமல் யாரையும் தொட மாட்டார்.

மூன்று வாரம் அக்கா கதவோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் நாங்கள் ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்தோம். கண்ணை மூடுவதும் மூடாததும் உங்கள் விருப்பம் என்று டீச்சர் சொன்னார். அப்போதுதான் அக்கா பேசினார். ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோல இருந்தது குரல்.

"அன்னைக்கு என் முறைங்க. நான் தூங்கிப்போட்டேன்."

எங்களுக்கு அது ஆஸ்பத்திரியிலேயே தெரியும். போலீஸில் யாரும் சொல்லவில்லை, எங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு நல்லது என்று நினைத்தோம். அவரோ எங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார்.

"தெரியுமுங்க்கா," என்றேன். "எல்லாரும்தான் தூங்குனோம்."

டீச்சர் அக்காவிடம், படுக்கிறீர்களா, இப்படியே இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்தே இருக்கிறேன் என்றார் அக்கா.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை ராத்திரி, வேன் நிற்கும் இடத்தில் டிபன் பாக்ஸோடு அக்கா நின்றிருந்தார். இடம் விட்டோம்.

மறுநாள் காலை திரும்பும்போது என் முறை. புது டிரைவரிடம் பெயர் கேட்டேன். சீனிவாசலு என்றார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ஏனுங்க, உங்க மாமியாருக்கு எந்த ஊருங்க?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் ஊர் பெயரைச் சொன்னார். அக்கா அடுத்ததைக் கேட்டார். மதுக்கரை வரைக்கும் யாரும் தூங்கவில்லை.